பதிமூன்று வருட உப்புநீர்த் தொட்டி: கடல் தண்ணீர், சிமெண்ட் கல், பாசித் திரை

என் தொட்டியில் புரோட்டீன் ஸ்கிம்மர் (நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி) கிடையாது. வாரம் ஒரு மருந்து ஊற்றும் பழக்கமும் கிடையாது. 2012 ஆகஸ்டில் தண்ணீர் நிரப்பினேன். அந்த வருடக் கடைசியில் விட்ட கோமாளி மீன் ஜோடி இன்றும் அதில்தான் இருக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி 190 லிட்டர், கல்லும் மணலும் போக 150 லிட்டர் நிற்கும். திருவான்மியூரில் இரண்டாம் மாடி வீடு, கடல் நடக்கிற தூரம்.

உப்புநீர்த் தொட்டி ஆரம்பித்த நண்பர்களில் பாதிப்பேர் மூன்று வருடத்துக்குள் விட்டுவிட்டார்கள். எல்லோருடைய கதையும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் வருடம் நன்றாகப் போகும், இரண்டாம் வருடம் நைட்ரேட் ஏறும், ஒரு இயந்திரம் வாங்குவார்கள், பிறகு இன்னொன்று, ஒரு கோடையில் எல்லாம் சாகும். அவர்களில் சிலர் மறுபடி ஆரம்பிக்க ஆசைப்படுகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

என் தொட்டி இத்தனை நாள் இருப்பதற்கு நான் நம்பும் காரணம் ஒன்றுதான். கடலில் இருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் உயிர்கள் அதற்குள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன. வடிகட்டியை விட எனக்கு அவைதான் உதவின. இந்த யோசனை புதிதில்லை. 1961-இலேயே ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் கடல் தண்ணீர், உயிருள்ள பாறை (நுண்ணுயிர்களோடு எடுத்த பவளப்பாறைத் துண்டு), காற்றுக் குமிழ் இவற்றை மட்டும் வைத்துத் தொட்டி நடத்திய முறையை அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் எழுதினார். பாறைக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். பாறையின் ஆழத்தில், ஆக்சிஜன் எட்டாத துளைகளில் இருப்பவை அந்த நைட்ரேட்டையும் உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றிவிடும். மற்றதெல்லாம் இதன்மேல் கட்டுவதுதான்.

ஆனால் அந்த உயிருள்ள பாறையை நாம் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. கல் பவளங்கள் அத்தனையும், கடல் விசிறிகளும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. பல காலம் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அது தெரிந்த பிறகு ஒரு துண்டுப் பாறையைக்கூட அங்கிருந்து கொண்டுவர எனக்கு மனம் வராது. மன்னார் வளைகுடாக் கல் என்று யாராவது ரகசியமாக விற்க வந்தால் வாங்காதீர்கள்.

அதனால் கல்லை நானே செய்தேன்.

வெள்ளை சிமெண்ட் ஒரு பங்கு, உடைத்த கிளிஞ்சல் மூன்று பங்கு, கல் உப்பு இரண்டு பங்கு. கிளிஞ்சலுக்குக் கோழித்தீவனக் கடையில் கிடைக்கும் சிப்பித் துண்டுகள் போதும், நன்றாக அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். தண்ணீரை மிகக் குறைவாகச் சேர்த்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் பிசைய வேண்டும். கையுறை கட்டாயம், சிமெண்ட் தோலை அரிக்கும். ஒரு பெரிய டப்பில் ஈர மணலை நிரப்பிக் கையாலேயே குழி பறித்து, அதில் கலவையைத் திணித்தேன். நடுநடுவே விரலால் குடைந்து குகை மாதிரி செய்துகொண்டேன். தட்டையான துண்டுகள் நிறையச் செய்யுங்கள். உருண்டைக் கற்களை அடுக்கினால் இடையே தண்ணீர் ஓடாது. பலகை மாதிரித் துண்டுகளைத் தூண் வைத்து அடுக்கினால் அடியிலும் பின்னாலும் நீரோட்டம் இருக்கும். கல்லுக்கு அடியில் அழுக்கு தங்கினால் அந்தத் தொட்டிக்கு ஆயுள் குறைவு.

இரண்டு நாள் மணலுக்குள் விட்டுவிட்டு, எடுத்துத் தண்ணீர் டிரம்மில் போட வேண்டும். உப்பு கரைந்து வெளியேறி, அது இருந்த இடமெல்லாம் துளையாகும். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். புது சிமெண்ட் ஊறிய தண்ணீரின் பிஎச் 12-ஐ ஒட்டி இருக்கும், கடலுடையது 8.2. எனக்கு அது 8.5-க்குக் கீழே இறங்கப் பத்து வாரம் ஆனது. இந்த இடத்தில்தான் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. ஆறாவது வாரம் 9 காட்டியபோது எனக்கும் போட்டுவிடலாம் என்று தோன்றியது. போடாமல் இருந்தது நல்லதாயிற்று.

மொத்தம் 22 கிலோ கல். மெரினா மணலையோ திருவான்மியூர் மணலையோ போடவில்லை, அதில் கருமணல் கலந்திருக்கும். கடையில் கிடைக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு மணலை ஒன்றரை அங்குலத்துக்குப் பரப்பினேன்.

தண்ணீர் கோவளத்தில் இருந்து வருகிறது. கரையில் நின்று மொண்டால் மணலும் நுரையும்தான் வரும், அதோடு முட்டுக்காடு முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒரு அண்ணன் பத்துப் பாகம் (சுமார் அறுபதடி) ஆழத்துக்கு வெளியே போகும்போது 20 லிட்டர் கேன்களில் பிடித்து வருவார். டீசலுக்குக் கொஞ்சம் கொடுத்துவிடுவேன். முதல் வருடம் நவம்பரில் கேட்டபோது சொன்னார்: “இப்ப வாணாம் தம்பி. வாடை எடுத்துடுச்சு, தண்ணி கலங்கிக் கெடக்கு, கூடவே நல்ல தண்ணி கலந்திருக்கும். தை பொறந்து வா.” நான் கேட்காமல் பிடிவாதமாக ஒரு கேன் வாங்கி வந்து, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தேன். மே மாதம் ஆயிரத்துக்கு 35 காட்டிய உப்பு அன்று 26. வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் திசை மாறித் தெற்கே ஓடும். வங்கக்கடலின் வடக்கே ஆறுகள் கொட்டிய நன்னீர் எல்லாம் அதோடு இறங்கி வருகிறது. நம் ஊர் மழையும் சேர்ந்துகொள்கிறது. அவர் கருவி இல்லாமல் சொன்னதைத்தான் என் கருவி சொன்னது. அன்றிலிருந்து புரட்டாசிக்குள் 200 லிட்டர் டிரம் ஒன்றை நிரப்பி வைத்துவிடுகிறேன்.

வந்த தண்ணீரை உடனே தொட்டியில் ஊற்றுவதில்லை. மூடிய நீல டிரம்மில், வெளிச்சம் படாமல், காற்றுக் குமிழ் ஓட விட்டு இரண்டு வாரம் வைப்பேன். சேறு அடியில் படிந்துவிடும். மேலே இருக்கும் தெளிந்த நீரை மட்டும் குழாய் வைத்து இறக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை 15 லிட்டர் மாற்றுகிறேன், அவ்வளவுதான். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதே, அப்போது மட்டும் ஆறு மாதம் கடல் தண்ணீரையே தொடவில்லை. பாக்கெட் உப்பைக் கரைத்துச் சமாளித்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் அப்படியே செய்தேன். உப்புப் பாக்கெட் ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

அப்புறம் பாசித் திரை, அதாவது பாசியை வளர்த்து அறுக்கும் வலை. இதைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள்.

ஒன்றரை வருடம் ஆனபோது என் நைட்ரேட் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு) ஆகிவிட்டது. கல்லெல்லாம் முடி மாதிரிப் பச்சைப் பாசி. தினமும் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பாசி வளர்வதே தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்றுதான். அதை நமக்கு வேண்டிய இடத்தில் வளரவிட்டு அறுத்து எடுத்தால் அவையும் சேர்ந்து வெளியேறும். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்ட்டர் ஏடி 1980-களில் பெரிய பவளத் தொட்டிகளையே இந்த முறையில் நடத்திக் காட்டியவர். நான் செய்தது அதன் மிக எளிய வடிவம்.

கைவேலைக் கடையில் எம்பிராய்டரிக்காக விற்கும் பிளாஸ்டிக் வலை ஒன்று, 20 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். அதை ரம்பத்தின் பல்லால் இரண்டு பக்கமும் நன்றாகச் சுரண்டிச் சொரசொரப்பாக்க வேண்டும், இல்லையென்றால் பாசி பிடிக்காமல் வழுக்கி விழும். அரை அங்குல பிவிசி குழாயில் 20 செ.மீ. நீளத்துக்கு 3 மி.மீ. அகலப் பிளவு அறுத்து, வலையின் மேல் விளிம்பை அதற்குள் செருகினேன். மணிக்கு 1,000 லிட்டர் தள்ளும் சின்ன மோட்டார் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றும். அது வலையின் இரண்டு பக்கமும் படலமாக வழிந்து தொட்டிக்கே திரும்பும். இரண்டு பக்கமும் 9 வாட் மஞ்சள் எல்.இ.டி. பல்பு ஒவ்வொன்று. நீர் தெறிக்காமல் பல்புக்கு முன்னால் அக்ரிலிக் தகடு வையுங்கள். உப்பு நீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் இடம் இது. வயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றிச் செருகினால் வழியும் நீர் பிளக்குக்குப் போகாது. மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இதைச் செய்யாதீர்கள்.

விளக்கை இரவு ஒன்பது முதல் காலை ஒன்பது வரை எரிய விடுகிறேன். இரவில் தொட்டியில் எல்லாமே சுவாசித்துக் கரியமில வாயுவை விடும், பிஎச் இறங்கும். அந்த நேரத்தில் திரையில் இருக்கும் பாசி அதை எடுத்துக்கொண்டால் இறக்கம் குறைகிறது. என் தொட்டியில் விடியற்காலை பிஎச் முன்பு 7.8, இப்போது 8.1.

முதல் இரண்டு வாரம் பழுப்பாக வழவழவென்று ஒன்று படியும். அழகாக இருக்காது, அதை மெதுவாக வழித்துவிட வேண்டும். நான்காவது வாரத்தில் பச்சை வந்தது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு பக்கத்தை மட்டும் பழைய ஏடிஎம் கார்டால் வழித்து எடுக்கிறேன். ஈரத்தோடு நூறு, நூற்றைம்பது கிராம் வரும். மூன்று மாதத்தில் நைட்ரேட் 5-க்குக் கீழே வந்துவிட்டது. கல்லில் இருந்த முடிப்பாசி தானாகக் கரைந்தது. அதற்குப் பிறகு சிமெண்ட் கற்களின் மேல் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர ஆரம்பித்தது. இன்று வந்து பார்க்கிறவர்களுக்கு அவை நான் பிசைந்த கற்கள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். எனக்கு இந்தத் தொட்டியில் மிகவும் பிடித்தது அந்த நிறம்தான்.

சுண்ணாம்புப் பாசிக்குக் கால்சியம் வேண்டும். அதற்கு நம் வீட்டுக்குத் தெரிந்த வழியே இருக்கிறது: தெளிந்த சுண்ணாம்பு நீர். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் பல பத்தாண்டுகளாக இதைத்தான் செய்கிறார்கள். உணவுத் தரமுள்ள சுண்ணாம்புத் தூள் ஒரு தேக்கரண்டியை நாலு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கலக்கி, மூடி, மறுநாள் வரை தெளியவிட வேண்டும். மேலே நிற்கும் தெளிநீரை மட்டும், மருத்துவமனையில் பார்க்கும் டிரிப் குழாய் வழியாக இரவெல்லாம் சொட்ட விடுகிறேன். அந்த நீரின் பிஎச் 12-க்கு மேல், ஆகவே ஒரேயடியாக ஊற்றினால் மீன் செத்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பும் கட்டடச் சுண்ணாம்பும் வேண்டாம், அவற்றில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கால்சியம் 400 பிபிஎம்-ஐ ஒட்டி, காரத்தன்மை 8 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) அளவில் நிற்கிறது.

தினமும் ஆவியாகும் தண்ணீரை இப்படியே ஈடு செய்துவிடுகிறேன். கோடையில் அது நாலு லிட்டர். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் சின்ன விசிறிகள் இரண்டை நீர்மட்டத்தின் மேல் சாய்வாக வைத்திருக்கிறேன். மே மாதத்தில் அறை 34 டிகிரி இருக்கும்போது தொட்டி 29-இல் நிற்கும். 1998, 2010, 2016 என்று மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தது கடல் வழக்கத்துக்கு மேல் சூடானதால்தான். வீட்டிலும் 31-ஐத் தொட்டால் பவளத்தின் பாலிப்புகள் (அதன் குட்டி உடல்கள்) சுருங்குவதைப் பார்க்கலாம்.

இந்த ஈடுசெய்யும் தண்ணீரில்தான் நான் பெரிய தவறு செய்தேன். 2014 மே மாதம், குடிநீர்த் தட்டுப்பாடு. ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீர் வாளி வாளியாக வீணாகிறதே, காய்ச்சி வடித்த நீர் மாதிரித்தானே என்று அதைத் தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தேன். கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரும் 15 காட்டியது. மூன்றாவது வாரம் காலையில் எழுந்து பார்த்தால் நத்தைகள் கண்ணாடியில் இருந்து கீழே விழுந்து மல்லாந்து கிடந்தன. அடுத்த இரண்டு நாளில் துறவி நண்டுகள் சங்கை விட்டு வெளியே வந்து செத்தன. நட்சத்திர மீனுக்கு உறவான நொறுங்கு நட்சத்திரம் ஒன்று கைகளைத் தானே உதிர்த்தது. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் காரணம் புரிய நேரமானது. ஏசிக்குள் இருப்பது செம்புக் குழாய். அந்த ஈரம் செம்பைத் தொட்டுத்தான் வருகிறது. மீன் தாங்கும் அளவுச் செம்பு நத்தையையும் நண்டையும் கொன்றுவிடும். அந்த உயிர்கள் போனதற்கு நான் மட்டுமே பொறுப்பு. இரண்டு நாளைக்கு ஒருமுறை 30 லிட்டர் மாற்றினேன், கரி போட்டேன், பாசியை அடிக்கடி அறுத்துக் கொட்டினேன். புதிதாக விட்ட நத்தை சாகாமல் நிற்க நாலு மாதம் ஆனது.

மறுபடி உயிரூட்டியதும் கடல்தான். மாசி, பங்குனியில் கடல் அமைதியாக இருக்கும்போது கோவளத்துக் கற்களில் கடல்பாசி இலை இலையாகத் தொங்கும். ஒரு கைப்பிடி எடுத்து வந்து வாளியில் வைத்துப் பார்த்தால் அதற்குள் துள்ளும் சின்னஞ்சிறு இறால் போன்ற பூச்சிகளும் புழுக்களும் நூறாவது இருக்கும். படகுக் கயிறு பழையது ஒன்றைக் கேட்டு வாங்கினால் அதில் இன்னும் அதிகம். ஒரு வாரம் தனி வாளியில் வைத்து, நண்டுக் குஞ்சு ஏதும் இருந்தால் எடுத்துவிட்டுத் தொட்டியில் சேர்ப்பேன். மீன் விட்ட மிச்சத்தை அவை தின்னும், அவற்றின் குஞ்சுகளை மீன் தின்னும். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் கற்களே நகர்வது மாதிரி இருக்கும். கடைகளில் புழுவைக் கண்டால் மருந்து போடச் சொல்வார்கள், போடாதீர்கள்.

சாப்பாடும் பெரும்பாலும் மார்க்கெட்டில்தான். மட்டி, இறால், கணவாய், கிடைக்கும்போது மீன் சினை. பொடியாக நறுக்கி, கழுவி, ஃப்ரீசரில் தட்டையாக உறையவைத்துத் தினமும் நகம் அளவு உடைத்துப் போடுகிறேன். வாரம் இரண்டு முறை ஆர்ட்டீமியா பொரிக்கவைத்துத் தருவேன், தூத்துக்குடி உப்பளங்களில் வாழ்கிறதே, அதே இனக் குடும்பம். மீன்கள் ஹேச்சரியில் பிறந்தவை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீன்களைப் பொரிக்கவைத்துக் காட்டிய பிறகு கடலில் பிடித்ததை வாங்க வேண்டிய தேவை இல்லை. ஜோடியில் பெரியது பெண். இந்த மீன்கள் எல்லாமே முதலில் ஆண்தான், கூட்டத்தில் பெரியதாக வளர்வது பெண்ணாகிவிடும். 2015 முதல் இடது ஓரக் கல்லில் முட்டை வைக்கிறது, ஆரஞ்சு நிறத்தில், மூன்று விரல் அகலத்துக்கு. ஆண் வாயால் ஊதி ஊதிக் காவல் காக்கும்.

பவளம் என்று பார்த்தால் மென்பவளங்கள்தான்: காளான் வகை, தோல் வகை, பட்டன் பாலிப். எல்லாம் நண்பர்கள் தங்கள் தொட்டியில் வளர்த்து வெட்டிக் கொடுத்த துண்டுகள். பட்டன் பாலிப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். அவை ஒட்டிய கல்லைச் சுடுநீரில் போடவோ பிரஷ் வைத்துத் தேய்க்கவோ கூடாது. ஆவியை மூச்சில் இழுத்தாலே ஆபத்து.

கரண்ட் போவதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் அன்று ராத்திரியே தீர்ந்தது. விளக்கு இல்லாமல் பவளம் ஒரு வாரம் தாங்கும், ஆக்சிஜன் இல்லாமல் மீன் ஒரு ராத்திரி தாங்காது. நானும் மனைவியும் முறை போட்டு மணிக்கு ஒருதரம் சொம்பில் மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றினோம். மறுநாள் காரின் பேட்டரியைக் கழற்றி 12 வோல்ட் காற்றுப் பம்ப் ஒன்றை மாட்டினேன், அதற்குப் பிறகுதான் தூங்கினோம். இப்போது தொட்டிக்கென்று தனியாக, யுபிஎஸ்ஸில் வரும் வகை 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு, 3 வாட் டிசி பம்ப் ஒன்று, கரண்ட் போனால் தானாக மாறும் ரிலே ஒன்று. ஒரு பேட்டரி கிட்டத்தட்ட ஒரு நாள் ஓட்டும். பெரிய இன்வெர்ட்டரில் மாட்டினால் ரொம்ப நேரம் வருமே என்று கேட்பார்கள். இன்வெர்ட்டர் சும்மா இருப்பதற்கே பத்துப் பதினைந்து வாட் தின்னும், 3 வாட் பம்ப்புக்கு அது கட்டுப்படியாகாது.

இப்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தொட்டியின் வலது பின்மூலையில் சிலிகான் வெளுத்து ஓரம் தூக்கியிருக்கிறது. கசிவு இன்னும் இல்லை, ஆனாலும் பதிமூன்று வருடம் ஆன பசை. இதே அளவில் 10 மி.மீ. கண்ணாடியில் புதுத் தொட்டிக்குச் சொல்லியாயிற்று. மாற்றும்போது பழைய மணலை எடுத்துப் போகப் போவதில்லை. கிளறினால் அடியில் அடைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் கழிவும் ஒரே நாளில் தண்ணீரில் கலந்துவிடும். புது மணலில் பழையதின் மேல்பரப்பில் இருந்து இரண்டு கோப்பை மட்டும் தூவுவேன். கற்கள், பாசித் திரை, பழைய தண்ணீரில் நூறு லிட்டர் அப்படியே போகும். முட்டை வைக்கும் கல்லை அதே இடது ஓரத்தில், அதே பக்கம் பார்த்து வைக்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில் செய்வதாக இருக்கிறேன். அண்ணனிடம் இந்த முறை பதினைந்து கேன் சொல்லியிருக்கிறேன்.